கரீபியன் குரூஸில் குழந்தைகளோடு கரையிறங்கினால் எங்கே போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல், கால்வெஸ்டன் மாதிரியான அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் ஏழு நாள் கரீபியன் குரூஸ்தான் பல குடும்பங்களின் முதல் கப்பல் பயணம். கப்பலுக்குள் பொழுது போவதில் பிரச்சினையே இல்லை. கப்பல் ஒரு தீவில் எட்டு மணி நேரம் நிற்கும்போது பிள்ளைகளையும் பெரியவர்களையும் எங்கே கூட்டிக்கொண்டு போவது, அதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கப்பல் கம்பெனியின் எக்ஸ்கர்ஷன் பட்டியலைத் திறந்தால் ஒரே துறைமுகத்துக்கு ஐம்பது அறுபது சுற்றுலாக்கள் இருக்கும், எல்லாவற்றிலும் சிரிக்கும் குழந்தையின் படம் இருக்கும். உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எதை வைத்து ஒரு சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் பயண நேரத்தைப் பாருங்கள். விலை, படம், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் அப்புறம். "7 மணி நேரச் சுற்றுலா" என்று போட்டிருந்தால் அந்த ஏழில் எத்தனை மணி நேரம் பஸ்ஸிலும் படகிலும் வரிசையிலும் போகிறது, எத்தனை மணி நேரம் பிள்ளை இறங்கி ஓடி விளையாடும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மெக்சிகோவின் கோசுமெல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கப்பல் நின்றால் எல்லோருக்கும் துலும் போக ஆசை வரும். கடலோரப் பாறைமேல் நிற்கும் மாயா நகரம், பார்க்க வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் துலும் இருப்பது எதிர்க்கரையில். கோசுமெல்லில் இறங்கி, ஃபெர்ரி ஏறி ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பிளாயா டெல் கார்மெனுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் இன்னும் ஒரு மணி நேரம் போக வேண்டும், திரும்பி வருவதற்கும் அதே கணக்கு. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் போக்குவரத்துக்கே போய்விடும். இடிபாடுகளுக்குள் கிடைப்பது இரண்டு மணி நேரம் கூட இருக்காது, அதுவும் நிழல் குறைவான வெட்ட வெளியில், வழிகாட்டி சொல்வதை நின்று கேட்டபடி. அந்தக் கால்வாய்க் கடலில் காற்றடித்தால் ஃபெர்ரி நன்றாகவே ஆடும், வாந்தி எடுக்கும் பிள்ளைகள் நிறைய.

பன்னிரண்டு வயதில் வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் தாராளமாகப் போங்கள், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையோடு போகாதீர்கள். மாயா இடிபாடு பார்த்தே ஆக வேண்டும் என்றால் கோசுமெல் தீவுக்குள்ளேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது. இஷ்செல் என்ற மாயா பெண் தெய்வத்துக்குரிய இடம், சிறியது, மரங்கள் உண்டு, டாக்ஸியில் போய்ப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் கடற்கரைக்கு வந்துவிடலாம்.

என் கணக்கு இதுதான்: எட்டு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தால் ஒரு வழிப் பயணம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குடும்பத்தில் சீக்கிரம் களைத்துப்போகும் ஆள் யாரோ, அவரை வைத்துத்தான் நாளைத் திட்டமிட வேண்டும், அது கைக்குழந்தையாகவும் இருக்கலாம், முழங்கால் வலியுள்ள பாட்டியாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு துறைமுகத்திலும் ஏதாவது புக் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஏழு நாள் பயணத்தில் மூன்று அல்லது நான்கு துறைமுகம் வரும். அதில் ஒன்றில் மட்டும் பெரிய சுற்றுலா ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நாட்களைக் கடற்கரை, ஊர் சுற்றல் என்று எளிமையாக விட்டுவிடுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு நூறு டாலர் என்றால் ஒரு நாளுக்கு நானூறு, நான்கு நாளும் புக் செய்தால் கப்பல் டிக்கெட் விலையையே அது நெருங்கிவிடும். பணத்தைவிடப் பெரிய விஷயம், தினமும் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி அவசரமாக ஊட்டி வரிசையில் நிறுத்துவது யாருக்கும் விடுமுறை கிடையாது.

சில துறைமுகங்களில் ஒன்றுமே புக் செய்யத் தேவையில்லை. கிராண்ட் டர்க்கில் கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடற்கரை, இறங்கி நடந்தால் போதும். நசாவில் ஜங்கனூ கடற்கரைக்கு நடந்தே போகலாம். குராசாவின் வில்லெம்ஸ்டாடில் 1888-இல் கட்டிய குயின் எம்மா மிதவைப் பாலம் இருக்கிறது, கப்பல் வரும்போது பாலமே மொத்தமாக ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிடும். அதைப் பார்க்கப் பிள்ளைகள் மணிக்கணக்கில் நிற்பார்கள், டிக்கெட்டும் இல்லை.

கப்பல் கம்பெனியிடம் புக் செய்வதா, வெளியே உள்ளூர்க்காரர்களிடமா?

இரண்டுக்கும் இடம் உண்டு. கப்பல் வழியாகப் புக் செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாமல் போனாலும் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும், விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் உங்கள் செலவு. இன்னொரு வசதி, வானிலை காரணமாகக் கப்பல் அந்தத் தீவில் நிற்கவே இல்லை என்றால் கப்பல் சுற்றுலாப் பணம் தானாகத் திரும்பி வரும்.

வெளியே புக் செய்தால் விலை குறைவு, கூட்டம் குறைவு, நேரம் உங்கள் கையில். நாற்பது பேர் பஸ்ஸில் ஒரு பிள்ளை பாத்ரூம் கேட்டால் நிறுத்த மாட்டார்கள், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் பேசிய வேன் என்றால் நிறுத்துவார். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய நிம்மதி. தாத்தா பாட்டியோடு ஏழெட்டுப் பேராகப் போனால் தனி வேனே பெரும்பாலும் மலிவாகவும் முடியும்.

நான் சொல்லும் வழி: தூரம் போவது, ஃபெர்ரி ஏறுவது, வேறு நகரத்துக்குப் போவது என்றால் கப்பல் வழியாகவே போங்கள். துறைமுகத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் கடற்கரை, பூங்கா, கோட்டை என்றால் நீங்களே டாக்ஸி பிடித்துப் போகலாம். வெளியே புக் செய்யும்போது "கப்பல் வரவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டாக்ஸியில் ஏறுவதற்கு முன்பே கட்டணம் ஆளுக்கா வண்டிக்கா, எந்த டாலர், திரும்பி வருவதும் சேர்த்தா என்று பேசி முடித்துவிட வேண்டும். பகாமாஸ் டாலர் அமெரிக்க டாலருக்குச் சமம், பார்படாஸில் இரண்டு உள்ளூர் டாலர் கொடுத்தால்தான் ஒரு அமெரிக்க டாலர், அதனால் இந்தக் கேள்வி முக்கியம்.

கப்பல் நேரம், உள்ளூர் நேரம் என்கிறார்களே, அது என்ன?

இதைக் கவனிக்காமல் கப்பலைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஜமைக்கா, கேமன் தீவுகள், கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் ஆகிய இடங்களில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் இல்லை. ஃப்ளோரிடாவில் உண்டு. ஆக ஜூலையில் ஃப்ளோரிடா நேரத்திலேயே ஓடும் கப்பலில் மணி ஐந்து என்றால் கோசுமெல்லில் நான்குதான். உங்கள் ஃபோன் கரையில் சிக்னல் கிடைத்தவுடன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஆள் ஏறிமுடிக்க வேண்டிய நேரம், பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, கப்பலின் தினசரித் தாளிலும் ஆப்பிலும் இருக்கும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பது நல்லது. தீவுகளில் ஒரே ஒரு கரையோரச் சாலைதான் இருக்கும், நான்கைந்து கப்பல்கள் ஒரே நாளில் வந்தால் அது அடைத்துக்கொள்ளும்.

டெண்டர் துறைமுகம் என்றால் என்ன? குழந்தைகளோடு சிரமமா?

கப்பலைக் கரையோரமாகக் கட்ட முடியாத இடங்களில் நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அதுதான் டெண்டர். கிராண்ட் கேமனின் ஜார்ஜ் டவுனும் பெலிஸ் சிட்டியும் இப்படித்தான். பெலிஸில் பவளத்திட்டால் கடல் ஆழமில்லை, கப்பல் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும், அந்தப் படகுப் பயணமே நீளம்.

ஸ்ட்ரோலரை மடித்துக் கையில் தூக்க வேண்டியிருக்கும், எடை குறைந்ததாகக் கொண்டுபோங்கள். கப்பல் வழியாகச் சுற்றுலா புக் செய்தவர்களை முதல் படகுகளில் அனுப்புவார்கள், மற்றவர்கள் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். அலை பெரிதாக இருந்தால் அந்தத் துறைமுகத்தையே ரத்து செய்துவிடுவார்கள், ஜார்ஜ் டவுனில் இது நடக்கிற விஷயம்தான். "நாளைக்கு ஸ்டிங்ரே (திருக்கை மீன்) பார்க்கப் போறோம்" என்று பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பே உறுதி கொடுத்து வைக்காதீர்கள்.

டயப்பர் போடும் குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?

கடற்கரை, வேறொன்றும் வேண்டாம். இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களில் டயப்பர் பழக்கம் விடாத குழந்தைகளைக் கப்பலின் பொது நீச்சல்குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் சரி. சில கப்பல்களில் மட்டும் அவர்களுக்கென்று தனி நீர் விளையாட்டு இடம் இருக்கும். அக்கா அண்ணன் குளத்தில் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் ஏங்கிய குழந்தைக்குக் கரையில் கிடைக்கும் கடல்தான் முதல் தண்ணீர்.

அலையில்லாத, ஆழம் மெதுவாகக் கூடும் கடற்கரையாகப் பாருங்கள். அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸில் மேகன்ஸ் பே, கிராண்ட் கேமனில் செவன் மைல் பீச், அரூபாவின் தெற்கு முனையில் பேபி பீச் எல்லாம் அந்த வகை. பேபி பீச் துறைமுகத்திலிருந்து தீவின் மறுகோடியில் இருக்கிறது, அதை மட்டும் கணக்கில் வையுங்கள். பார்படாஸில் மேற்குக் கரைக்குப் போங்கள், கிழக்கே பாத்ஷீபா பக்கம் அட்லாண்டிக் அலை, பார்க்க அழகு, குளிக்க ஆபத்து. இது பொதுவாகவே பொருந்தும், கிழக்குக் கரைகளில் அலை அதிகம், மேற்குக் கரைகளில் அமைதி.

டாக்ஸிகளில் குழந்தை இருக்கை கிடைப்பது அரிது. செயின்ட் தாமஸில் லாரியின் பின்புறம் பெஞ்சு போட்ட திறந்த வண்டிகள்தான் டாக்ஸி, அதில் இருக்கையைப் பொருத்தவும் முடியாது. மலைச்சாலை, செங்குத்தான வளைவு. கைக்குழந்தையோடு போவோர் முன்கூட்டியே குழந்தை இருக்கையுள்ள வேன் பேசிவைப்பது நல்லது, அல்லது துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துவிடலாம்.

ஐந்து முதல் பத்து வயதுக்கு எது நன்றாக இருக்கும்?

இந்த வயதுதான் கரீபியனுக்கு ஏற்ற வயது.

கிராண்ட் கேமனின் ஸ்டிங்ரே சிட்டி என் முதல் தேர்வு. படகில் அரை மணி நேரம் போனால் கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டு, பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர், சுற்றிலும் சுதந்திரமாகத் திரியும் திருக்கை மீன்கள். முன்பு மீனவர்கள் அந்த இடத்தில் மீனைச் சுத்தம் செய்து கழிவைக் கடலில் போட்டதால் பழகிப்போய் வந்தவை அவை, யாரும் அடைத்து வைக்கவில்லை. கால்களைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசியபடி நடக்கச் சொல்லிக்கொடுங்கள், மேலே மிதித்தால்தான் ஆபத்து. பெரியவருக்கு இடுப்பளவு என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கழுத்துக்கு மேல், லைஃப் ஜாக்கெட் போட்டு ஒருவர் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். பயந்த பிள்ளையை இழுத்து இறக்காதீர்கள், படகிலிருந்தே நன்றாகத் தெரியும்.

ஜமைக்காவின் டன்ஸ் ரிவர் அருவி இன்னொன்று. ஏறக்குறைய 180 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக இறங்கிக் கடலில் விழும் அருவி, கீழே கடற்கரையிலிருந்து கைகோத்து வரிசையாக மேலே ஏறுவார்கள். பாறை வழுக்கும், ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி கட்டாயம் வேண்டும். ஏழெட்டு வயதுக்கு மேல் பயமில்லாத பிள்ளைக்கு ஏற்ற இடம். ஏற விரும்பாதவர்களுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறது. கப்பல் ஓச்சோ ரியோஸில் நின்றால் அருவி பக்கம், ஃபால்மவுத்தில் நின்றால் ஒரு மணி நேரச் சாலைப் பயணம், ஆகவே உங்கள் கப்பல் எந்தத் துறைமுகம் என்று பாருங்கள்.

புவர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் எல் மோரோ கோட்டை. பிள்ளைகளுக்குப் பீரங்கியும் காவல் மாடமும் பிடிக்கும், அதைவிடக் கோட்டைக்கு முன்னால் இருக்கும் பெரிய புல்வெளி பிடிக்கும். எப்போதும் கடல்காற்று, உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் பட்டம் விடும் இடம், பட்டம் அங்கேயே விற்பார்கள். நிழலே கிடையாது, மாலையில் போங்கள்.

டீன் ஏஜ் பிள்ளைகள் கடற்கரை போரடிக்கிறது என்கிறார்கள்.

அவர்களிடமே பட்டியலைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பெலிஸில் டயர் மிதவையில் படுத்துக் குகைக்குள் ஓடும் ஆற்றில் மிதந்து போகலாம், டொமினிகன் குடியரசின் புவர்ட்டோ பிளாட்டா பக்கம் தமஹாகுவாவில் அருவியிலிருந்து குளத்துக்குள் குதித்துக்கொண்டே இறங்கலாம். ஸ்கூபா ஆசை இருந்தால் அறிமுக டைவுக்குப் பொதுவாகப் பத்து வயது ஆகியிருக்க வேண்டும், ஆஸ்துமா இருந்தால் டாக்டர் கடிதம் கேட்பார்கள், அதை வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு வாருங்கள். கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போகும் ஜிப்லைனுக்கு வயது மட்டும் பார்த்தால் போதாது, உயரமும் எடையும் பார்ப்பார்கள். குறைந்தபட்ச எடை இல்லாமல் ஒல்லியான பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதிகபட்ச எடை அப்பாவுக்குத் தடையாகலாம். அங்கே போய்த் தெரிந்துகொண்டு முகம் வாடுவதைவிட வீட்டிலேயே எடை பார்த்துவிடுங்கள்.

அம்மா அப்பாவும் வருகிறார்கள். அவர்களால் அதிகம் நடக்க முடியாது.

சுற்றுலா விவரத்தில் எளிது, நடுத்தரம், கடினம் என்று ஒரு குறி இருக்கும். எழுபது வயதுக்காரருக்கு எளிது மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நடுத்தரம்" என்றாலே படிக்கட்டும் கரடுமுரடான தரையும் உண்டு.

பார்படாஸின் ஹாரிசன் குகை மூன்று தலைமுறைக்கும் ஒத்துவரும். டிராமில் உட்கார்ந்தபடியே பூமிக்கு அடியில் போய்ச் சுண்ணாம்புக்கல் தொங்கல்களையும் அருவியையும் பார்த்துவிட்டு வரலாம், வெயிலும் இல்லை. செயின்ட் லூசியாவில் கேஸ்ட்ரீஸிலிருந்து சூஃப்ரியேருக்குப் போகும் மலைச்சாலை வளைந்து வளைந்து போகும், தலைசுற்றல் உள்ளவர்களுக்குப் பெரிய சோதனை. சூஃப்ரியேர் பக்கம் இருக்கும் பித்தோன் மலைகளைக் கடல்வழியாகக் கட்டமரான் படகில் போய்ப் பார்க்கலாம், காட்சியும் அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இரட்டைச் சிகரங்கள், கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும்.

எல்லோரும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டியதில்லை. பெரியவர்கள் கப்பலிலேயே தங்கினால் அன்று கப்பலில் கூட்டம் இருக்காது, அவர்களுக்கு அது சுகமான நாள்.

டால்ஃபினோடு நீந்துவது, ஸ்லாத்தைத் தூக்கிப் படமெடுப்பது?

வேண்டாம் என்பேன். டால்ஃபின் ஒரு நாளில் நெடுந்தூரம் நீந்தும் விலங்கு, அதைச் சின்ன அடைப்புக்குள் வைத்து நாளெல்லாம் ஆட்களை ஏற்றி இழுக்க வைக்கிறார்கள். 2025-இல் மெக்சிகோ நாடாளுமன்றம் கடல் பாலூட்டிகளை வைத்துக் காட்சி நடத்துவதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியதற்கும் இந்தக் கவலைதான் காரணம். ஹோண்டுராஸின் ரோவாத்தான் தீவில் ஸ்லாத்தை, மரத்தில் தொங்கி மெதுவாக நகரும் விலங்கை, கையில் கொடுத்துப் படமெடுக்கும் இடங்கள் நிறைய. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருப்பது அந்தச் சாதுவான மிருகத்துக்கு வேதனை. நம் பிள்ளைகளுக்கு அன்பு என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்கும் வயது இது. பார்படாஸின் கார்லைல் வளைகுடாவில் ஆமைகள் தாமாக வந்து நீந்தும், மேலே மிதந்தபடி தொடாமல் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளையிடம் ஏன் டால்ஃபின் வேண்டாம் என்று ஒருமுறை பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்ளும்.

செயின்ட் மார்ட்டினில் விமானம் தலைக்கு மேல் இறங்கும் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

மாஹோ பீச். இறங்கும் விமானத்தைப் பார்க்கலாம், மறக்க முடியாத காட்சி. விமானம் கிளம்பும்போது மட்டும் ஓடுபாதை வேலிக்குப் பின்னால் நிற்காதீர்கள். ஜெட் காற்று மனிதரைத் தூக்கி எறியும், 2017-இல் நியூசிலாந்துப் பெண் ஒருவர் அப்படி வீசப்பட்டு உயிரிழந்தார். மணலும் கல்லும் கண்ணில் அடிக்கும், சின்னப் பிள்ளைகளோடு பக்கவாட்டில் இருக்கும் உணவகத்தில் உட்கார்ந்து பாருங்கள், காதை மூட ஏதாவது கொண்டுபோங்கள்.

கப்பல் கம்பெனியின் சொந்தத் தீவில் நின்றால்?

ராயல் கரீபியனின் கோகோகே, டிஸ்னியின் காஸ்ட்அவே கே, எம்எஸ்சியின் ஓஷன் கே எல்லாம் பகாமாஸில் இருக்கும் இந்த வகை. கடற்கரையும் மதிய உணவும் பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடக்கம். கோகோகேயில் குளமும் கடற்கரையும் இலவசம், பெரிய சறுக்குகள் இருக்கும் நீர்ப்பூங்காவுக்குத் தனிக் கட்டணம், அது சாதாரணமாக விலை அதிகம். உயரக் கட்டுப்பாடு உள்ள சறுக்குகள் நிறைய என்பதால் சின்னப் பிள்ளைக்குப் பணம் கட்டிப் பயனில்லை. சீக்கிரம் இறங்கினால் குடை நிழலில் இடம் கிடைக்கும், அவ்வளவுதான் ரகசியம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? கப்பலிலிருந்து எடுத்துப் போகலாமா?

கப்பலிலிருந்து பழம், சமைத்த உணவு எதையும் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், தீவுகளின் வேளாண் சட்டம் அப்படி. கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகள் பொதுவாகப் பரவாயில்லை. காலையில் கப்பலில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

மெக்சிகோவில் அரைத்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு, "மான்தேகா" இருக்கிறதா என்று கேளுங்கள். மற்ற தீவுகளில் சோறும் பயறும் சேர்த்துச் சமைப்பதில் இறைச்சித் துண்டு இருக்கலாம். ஜமைக்காவில் "ஐட்டல்" என்று பலகை பார்த்தால் உள்ளே போகலாம், ரஸ்தஃபாரி சமயத்தவரின் பெரும்பாலும் சைவமான சமையல் அது, மீன் இல்லையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பூசணியும் தேங்காய்ப்பாலும் மணக்கும். டிரினிடாட், பார்படாஸ் பக்கம் ரொட்டிக் கடைகளில் உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்த ரொட்டி கிடைக்கும், பிள்ளைகள் அடம்பிடிக்காமல் சாப்பிடுவார்கள், காரத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

தமிழர் தொடர்புள்ள இடம் ஏதாவது வழியில் வருமா?

மார்ட்டினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளில் கப்பல் நின்றால் வரும். அடிமை முறை 1848-இல் ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள், மார்ட்டினிக்கில் முதல் கப்பல் 1853-இல் இறங்கியது, குவாதலூப்பில் 1854-இல். அவர்கள் வம்சாவளியினர் இன்றும் மாரியம்மனை வழிபடுகிறார்கள், பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராவிட்டாலும். குவாதலூப்பின் காபெஸ்தேர் ஊரில் ஷாங்ஜி என்ற கோயில் சாலையோரத்திலேயே வண்ணச் சிற்பங்களோடு நிற்கிறது. கப்பல் பட்டியலில் இது அரிதாகத்தான் இருக்கும், துறைமுக நகரமான புவாந்த்-ஆ-பித்ரில் டாக்ஸி பேசிப் போக வேண்டும். அங்கே எல்லா உணவகத்திலும் "கொலம்போ" என்று ஒரு குழம்பு உண்டு, மல்லியும் சீரகமும் மஞ்சளும் போட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வரலாற்றுப் பாடமாகச் சொல்லாதீர்கள், கோயிலைக் காட்டி "நம்ம ஊர்லேர்ந்து வந்தவங்க கட்டினது" என்று சொன்னால் போதும், மிச்சத்தை அதுவே கேட்கும்.

வெயில், கடற்பாசி, வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

அமெரிக்க வர்ஜின் தீவுகளிலும் அரூபாவிலும் ஆக்ஸிபென்சோன் உள்ள சன்ஸ்கிரீனுக்குத் தடை உண்டு, பவளத்தைக் கெடுக்கிறது என்பதால். துத்தநாக ஆக்ஸைடு உள்ளதாக வாங்கிவிடுங்கள், எங்கும் செல்லும். முழுக்கை நீச்சல் சட்டை அதைவிட நல்லது, பூசிக்கொண்டே இருக்க வேண்டாம்.

மஞ்சினீல் என்ற மரம் பல தீவுகளின் கடற்கரைகளில் நிற்கும். சின்ன ஆப்பிள் மாதிரிப் பச்சைப் பழம், கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கினால் சொட்டும் பாலே தோலைப் பொசுக்கும். பல இடங்களில் மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். தரையில் கிடக்கும் எந்தப் பழத்தையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை குவியும், நாற்றமும் உண்டு. கிழக்குப் பார்த்த கரைகளில்தான் அதிகம், மெக்சிகோவின் கோஸ்டா மாயாவில் சில மாதம் தண்ணீரே தெரியாது. கோசுமெல்லின் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும். கடற்கரை விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த வாரத்துப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும், முந்தின நாள் கப்பல் தாளில் சொல்வார்கள். கொண்டுபோகத் தேவையில்லாத இடங்களில் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, ஃபோனில் படம், கையில் ஒரு நகல், பெரியவர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை, எல்லோருக்கும் கப்பல் அட்டை என்று போகலாம். சின்னப் பிள்ளைகளின் கப்பல் அட்டையை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், அதோடு கையில் ஒரு பட்டை கட்டி உங்கள் ஃபோன் எண்ணும் கப்பல் பெயரும் எழுதிவிடுங்கள்.

எப்போது புக் செய்வது, மனம் மாறினால்?

கப்பல் புக் செய்த கொஞ்ச நாளில் பட்டியல் திறந்துவிடும். ஸ்டிங்ரே, ஆமை மாதிரிப் பிள்ளைகளுக்கான அரை நாள் சுற்றுலாக்கள் முதலில் தீர்ந்துபோகும், காலை நேரத்துக்கான இடம் அதிலும் சீக்கிரம். சின்னப் பிள்ளைகளுக்குக் காலை நேரமே நல்லது, மதியத் தூக்கத்துக்குக் கப்பலுக்கு வந்துவிடலாம். பெரும்பாலான கம்பெனிகளில் துறைமுகம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புவரை அபராதமில்லாமல் ரத்து செய்யலாம், ஆனால் விமானம், தங்கும் விடுதி, சிறப்புச் சலுகை விலை சேர்ந்தவற்றுக்கு விதி வேறு. ஒரே சுற்றுலா சில வாரங்கள் கழித்து விலை குறைந்தால் பழையதை ரத்து செய்து புதிய விலையில் வாங்கிக்கொள்ளலாம், அதனால் முன்பே புக் செய்துவிட்டு அவ்வப்போது ஆப்பைத் திறந்து பாருங்கள். குழந்தைக் கட்டணம் எந்த வயதுவரை என்பது சுற்றுலாவுக்குச் சுற்றுலா மாறும், மூன்று வயதுக்குக் கீழே இலவசம் என்று இருந்தாலும் பெயரைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் படகில் அந்தக் குழந்தைக்கு இடமும் லைஃப் ஜாக்கெட்டும் இருக்காது.